திருகோணமலையில் மசாஜ் தெரபிஸ்டுகளுக்கு ஒரு சங்கம்: பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உப்புவெளியில் தொடங்கி நிலாவெளி வரை, கடற்கரை ஹொட்டேல்களிலும் ஸ்பாக்களிலும் மசாஜ் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். சம்பளம் பேசும்போது ஒவ்வொருவரும் தனியாள். பொலிஸ் சோதனை வந்தாலும் தனியாள். சீசன் முடிந்து வேலை நின்றாலும் தனியாள். இதற்காகத்தான் எங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினோம். பதிவு செய்ய அலைந்த அலைச்சலில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத அலைச்சல். ஒரு மேசையில் ஒன்று சொல்வார்கள், அடுத்த மேசையில் வேறொன்று கேட்பார்கள். என்னென்ன வேண்டும் என்று யாரும் முழுதாக எழுதித் தரவில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ நகரத்திலோ இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் அப்படி அலையக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ஹொட்டேல் முகாமையாளர் உங்கள் சங்க அட்டையைப் பார்த்து ஒருவரை நம்ப வேண்டுமென்றால், எதையெல்லாம் பார்த்து அந்த அட்டையைக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும். அதனால் பதிவுக்கு ஓடுவதை ஒத்திவைத்து, ஆட்களின் பத்திரங்களில் இருந்து ஆரம்பியுங்கள்.

1. ஆளுக்கொரு பைல் போடுங்கள்

சேர விரும்பும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் (ஜீ.எஸ்) வதிவிட நற்சான்றிதழ், படித்த பயிற்சிகளின் சான்றிதழ்கள், வேலை செய்த இடங்களின் சேவைக் கடிதங்கள், இரண்டு புகைப்படங்கள். நற்சான்றிதழில் ஜீ.எஸ் கையொப்பத்தோடு பிரதேச செயலாளரின் மேலொப்பமும் இருக்கிறதா பாருங்கள். பழைய சான்றிதழைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள், ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது. ஜீ.எஸ் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சொந்தமாக நிலையம் நடத்துகிறவர்களிடம் கூடுதலாக இரண்டு கேளுங்கள்: வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் அனுமதிப் பத்திரம். எந்தச் சபை என்பதில்தான் எங்கள் ஊரில் பலர் குழம்புகிறார்கள். உப்புவெளி திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வரும். நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள் வரும். கடற்கரை ஒன்றுதான், அலுவலகம் வேறு. சபையின் அனுமதி அந்தந்த வருடத்துக்கு மட்டுமே. ஜனவரியில் புதுப்பிக்காமல் மார்ச்சில் கடை திறந்தால் அனுமதியில்லாத கடை என்றே கணக்கு.

இன்னொரு பொறி பெயர்ப் பலகை. ‘ஆயுர்வேத மசாஜ்’ என்று எழுதினால் வெளிநாட்டவர் உள்ளே வருவார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்குள் வருபவை. அந்தப் பெயரில் சிகிச்சை செய்கிறவருக்கு ஆயுர்வேத மருத்துவ சபையின் பதிவு வேண்டும், நிலையத்துக்கும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இங்கே அலுவலகம் தேடுகிறவர்கள் மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் ஸ்பா என்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவையும் எடுத்துவிடுங்கள்.

இதில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டில் மசாஜ் நிலையங்களில் பொலிஸ் சோதனை நடக்கும்போது 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் ஒரு பிள்ளை, முதலாளியின் அனுமதிப் பத்திரம் சரியில்லாத காரணத்தால் பொலிஸ் நிலையத்தில் இரவு முழுக்க இருக்க நேர்ந்தால், அந்தப் பெயரை ஊருக்குள் யார் துடைப்பது? வேலைக்குச் சேரும் முன் அந்த நிலையத்தின் பத்திரங்களை உங்கள் உறுப்பினர் பார்த்துப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சங்கத்திலேயே விதி வையுங்கள்.

2. என்.வி.கியூ இல்லாதவர்களை இப்போதே அனுப்புங்கள்

பத்து வருடம் வேலை செய்தவரிடமும் கையில் ஒரு காகிதம் இருக்காது. ஆச்சியிடமோ மூத்த தெரபிஸ்டிடமோ பழகியவர்கள், ஹொட்டேலிலேயே பயிற்சி எடுத்தவர்கள் என்று பலர். இவர்களுக்குப் புதிதாகப் படிப்பு தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் அனுபவத்தைக் காட்டியே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் (என்.வி.கியூ) எடுக்கலாம். இந்தத் தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு ஒப்பானது.

தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். இரண்டுக்கும் மாவட்ட மட்டத்தில் அலுவலகம் உண்டு. ஸ்பா, அழகுக்கலை, பாரம்பரிய மருத்துவ உதவி என்று தொழில் தரங்கள் வெவ்வேறு துறைகளுக்குள் கிடக்கும். உங்கள் வேலைக்கு எது அண்மையானது என்று கேட்டு, தரத்தின் பெயரையும் குறியீட்டையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். வாய்ச் சொல்லை நம்பி விண்ணப்பம் நிரப்பினால் வேறொரு துறை மதிப்பீட்டாளரின் முன்னால் போய் நிற்க நேரும்.

மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது ஆதாரக் கோவை: சேவைக் கடிதங்கள், வேலை செய்யும் படங்கள், பயிற்சிச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள். படம் எடுக்கும்போது வாடிக்கையாளரின் முகம் வரவே கூடாது. சக தெரபிஸ்ட் ஒருவரைப் படுக்க வைத்து எடுங்கள். மதிப்பீட்டில் சில பகுதிகளில் போதாது என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், அந்தப் பகுதிகளை மட்டும் பழகிவிட்டுத் திரும்பப் போகலாம்.

வார இறுதி இரண்டு நாளில் ‘சர்வதேச டிப்ளோமா’ தருகிறோம் என்று வருகிறவர்களிடம் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி போதும்: மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவானதா, இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. நிறுவனம் பதிவாகியிருக்கும், மசாஜ் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்காது. ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் போக நினைக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

3. எந்த வழியில் பதிவு என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழி இருக்கிறது, மூன்றுக்கும் செலவு வேறு.

பிரதேச செயலகத்தில் சமூக மட்ட அமைப்பாகப் பதிவது மலிவானது, இங்கேயே முடியும், எல்லாம் தமிழிலேயே நடக்கும். உறுப்பினர்கள் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருந்தால் இதுவே போதும். நகரம், குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று பல பிரிவுகளில் ஆட்கள் இருந்தால் மாவட்ட மட்டத்தில் என்ன செய்யலாம் என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு பிரிவில் பதிந்துவிட்டு மற்றப் பிரிவிலும் இயங்கப்போனால் அங்கே கேள்வி வரும்.

தொழிற்சங்கமாகப் பதிவது இரண்டாவது வழி. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏழு உறுப்பினர்கள் கையொப்பமிட்டால் விண்ணப்பிக்கலாம். தொடங்கி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதன்பிறகு வருடாவருடம் கணக்கறிக்கை அனுப்ப வேண்டும். ஹொட்டேல் நிர்வாகத்தோடு சம்பளம், சேவைக் கட்டணப் பங்கு, ஊழியர் சேமலாப நிதி பற்றிப் பேசுவதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் இந்த வழி பலம். ஆனால் சொந்த நிலையம் நடத்துகிறவரும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் முதல் பேச்சுவார்த்தையிலேயே இழுபறி வரும்.

மூன்றாவது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்ய இது நல்லது. ஆனால் செயலாளர், கணக்காய்வு, ஆண்டறிக்கை என்று ஒவ்வொரு வருடமும் காசு கேட்கும். முப்பது பேர் சங்கத்துக்கு முதல் வருடமே இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். அது நலிந்தவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கானது. உறுப்பினரின் தொழிலைப் பார்க்கும் சங்கத்துக்கு அது சட்டையின் அளவே வேறு.

4. பெயர்

‘வைத்தியர்’, ‘ஆயுர்வேத’, ‘பிசியோதெரபி’ என்ற சொற்களைத் தொடாதீர்கள். பிசியோதெரபிஸ்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்கிறவர்கள். அரச நிறுவனம் போலத் தோன்றும் சொற்களும் வேண்டாம், விண்ணப்பம் அங்கேயே நிற்கும். ஊர்ப் பெயர், தொழில், சங்கம், அவ்வளவு போதும். தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் முதல் நாளே முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் ஒரு எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். வங்கியில் ‘தெரபிஸ்ட்’, ‘தெரப்பிஸ்ட்’ வித்தியாசத்துக்கே திருப்பி அனுப்புவார்கள்.

5. யாப்பை நீங்களே எழுதுங்கள்

யாப்பு என்பது சங்கத்தின் விதிகளை எழுதிய பத்திரம். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் யாப்பைப் போட்டோ கொப்பி எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுப்பது ஊர் வழக்கம். அதில் கூட்டம், பதவி, சந்தா எல்லாம் இருக்கும், உங்கள் தொழில் மட்டும் இருக்காது. அந்தக் கட்டமைப்பை வைத்துக்கொண்டு கீழுள்ள விடயங்களை உங்கள் வார்த்தையில் சேருங்கள்.

யார் உறுப்பினர்: என்.வி.கியூ உள்ளவர் அல்லது பதிவு பெற்ற பாரம்பரிய மருத்துவர் முழு உறுப்பினர். பயிற்சியில் இருப்பவரும் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவரும் இணை உறுப்பினர், வாக்கு இல்லை. தொக்கணமும் (சித்த மருத்துவ மசாஜ்) வர்மமும் (உடலின் வர்மப் புள்ளிகளில் செய்யும் சிகிச்சை) தெரிந்த பரம்பரைக் குடும்பங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு ஒரு சங்கம் கட்ட முடியாது. ஆலோசகராகவாவது அழையுங்கள்.

நடத்தைக் கோவை: வாடிக்கையாளரை எப்போதும் துணியால் மூடி, வேலை செய்யும் பகுதியை மட்டும் திறப்பது. ஆண் தெரபிஸ்டா பெண் தெரபிஸ்டா என்று கேட்டு அவர் விரும்பியபடி செய்வது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பாதுகாவலர் அறையில் இருப்பது. நோய் இன்னது என்று சொல்லாமல் இருப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்லாமல் இருப்பது. அத்தோடு, தெரபிஸ்டுக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்று தெளிவாக எழுதுங்கள். வாடிக்கையாளர் தவறாக நடந்தால் பாதியில் நிறுத்தி வெளியே வரலாம், அதற்காகச் சம்பளம் வெட்டக்கூடாது. எங்கள் பெண் உறுப்பினர்கள் முதலில் கேட்டது இந்த ஒரு வரியைத்தான்.

முறைப்பாடு: யார் விசாரிப்பது, எத்தனை நாளுக்குள், நீக்கப்பட்டவர் யாரிடம் மேன்முறையீடு செய்வது. விசாரிக்கும் மூவர் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

சங்கம் கலைந்தால் பணம் எங்கே போகும் என்ற ஒரு வரியும் வேண்டும். அதில்லாத யாப்பைத் திருப்பித் தருவார்கள்.

கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, ஆகவே யாப்பைத் தமிழில் கொடுக்க முழு உரிமை உண்டு. சிங்கள உறுப்பினர்களும் இருந்தால் இரண்டு மொழியிலும் வைத்திருங்கள். கந்தளாயில் இருந்தும் மொறவெவவில் இருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் தாங்கள் வாசிக்க முடியாத விதிக்குக் கையொப்பமிட மாட்டார்கள், இடவும் கூடாது. பதவிகளையும் ஒரே ஊருக்குள் ஒரே சமூகத்துக்குள் முடித்துவிடாதீர்கள்.

6. ஆரம்பக் கூட்டமும் கூட்ட அறிக்கையும்

அதிகாரிகள் பார்க்கும் முதல் பத்திரம் கூட்ட அறிக்கை. திகதி, நேரம், இடம், வந்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் கட்டிய கொப்பியில் கையால் எழுதியிருக்க வேண்டும். தனித்தாளில் எழுதினால் நம்பமாட்டார்கள். தீர்மானங்களைத் தனித்தனியாக, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு எழுதுங்கள்: சங்கம் ஆரம்பித்தல், பெயர், யாப்பை ஏற்றல், பதவி தெரிவு, வங்கிக் கணக்கு திறத்தல், கையொப்பமிடுவோர். கடைசி இரண்டையும் அன்றே எழுதாவிட்டால் அதற்கென்றே இன்னொரு கூட்டம் வைக்க வேண்டிவரும். முடியுமானால் உங்கள் ஜீ.எஸ் அல்லது சமூக சேவை உத்தியோகத்தரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். பிறகு அவரே பரிந்துரை எழுத வேண்டியிருக்கும்.

7. பிரதேச செயலகத்துக்குப் போகும்போது

பொதுவாகக் கேட்பவை: விண்ணப்பப்படிவம், யாப்பு, ஆரம்பக் கூட்ட அறிக்கைப் பிரதி, நிர்வாக சபைப் பட்டியல், உறுப்பினர் பட்டியல், ஜீ.எஸ் பரிந்துரை, வரும் வருடத்துக்கான வேலைத்திட்டம். எல்லாவற்றிலும் மூன்று பிரதி வைத்திருங்கள். கொடுத்ததும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள். ‘தம்பி, வைத்துவிட்டுப் போங்கோ’ என்றாலும் முத்திரை இல்லாமல் வராதீர்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் பைலையே காணவில்லை என்றார்கள். முத்திரையிட்ட பிரதி இருந்தபடியால்தான் முதலில் இருந்து தொடங்காமல் தப்பினோம்.

நீண்ட நாள் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சண்டைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை, மரியாதையாக எழுதிய ஒரு கடிதம் பைலை மேலே கொண்டுவரும்.

8. பணம்

பதிவுக் கட்டணத்தை விடச் சுற்றிவரும் செலவுதான் கூட: தட்டச்சு, பிரதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, இறப்பர் முத்திரை, கடிதத்தலைப்பு, பற்றுச்சீட்டுப் புத்தகம், கொழும்புக்குப் போய்வரும் செலவு. முதல் கூட்டத்திலேயே நுழைவுக் கட்டணம் வாங்கி, அன்றே பற்றுச்சீட்டு கொடுங்கள். தலைவர் தன் சட்டைப் பையில் இருந்து போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் வழக்கம் எத்தனையோ சங்கத்தைக் குலைத்திருக்கிறது.

சந்தாவைச் சீசனுக்கு ஏற்ப வையுங்கள். மாதம் 300 ரூபா என்றால் வருடத்துக்கு 3,600. மழைக்காலத்தில் வேலையில்லாத ஒருவரிடம் 300 கேட்பது கஷ்டம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை மாதம் 600 என்று வாங்கினாலும் அதே 3,600தான். முப்பது பேர் ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு 1,08,000 ரூபா. அலுவலகச் செலவு போக, ஒரு குழு விபத்துக் காப்புறுதிக்கு விலை கேட்கும் அளவுக்கு அது வரும். கையையும் முதுகையும் நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்தக் காப்புறுதி அவசியம்.

வங்கியில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பம், அதில் ஒருவர் கட்டாயம் பொருளாளர் என்று வையுங்கள்.

9. வாடிக்கையாளர் படிவம் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக்குங்கள்

பதிவு வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தில் கேள்விப் படிவம் தயாரித்து எல்லா உறுப்பினரும் பாவியுங்கள். காய்ச்சல், தோல் தொற்று, திறந்த காயம், காலில் இரத்தக் கட்டி, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், நீரிழிவால் வந்த மரத்த கால், கர்ப்பம், அண்மைய சத்திரசிகிச்சை: இவற்றைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. நம் கடற்கரைக்கென்று இன்னும் இரண்டு கேள்வி சேருங்கள். வெயிலில் தோல் எரிந்திருக்கிறதா? இன்று சுழியோடினீர்களா? புறாமலைத் தீவுப் பக்கம் சுழியோடிவிட்டு அப்படியே மசாஜுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டரோடு ஆழத்துக்குப் போய் வந்தவருக்கு அன்றைக்கு அழுத்தமான மசாஜ் வேண்டாம். ஆழத்தில் இருந்து ஏறியதால் வரும் அழுத்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மூட்டு வலியும் தசை வலியும்தான். மசாஜில் வந்த வலி என்று நினைத்து வைத்தியசாலைக்குப் போகப் பிந்திவிடுவார்கள்.

10. எப்போது தொடங்குவது

சீசனுக்குள் தொடங்காதீர்கள், ஜூலையில் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஒக்டோபரில் ஆட்களின் பைல்களைச் சேர்த்து, நவம்பர் மழைக்குள் யாப்பை எழுதி, கூட்டத்தையும் வையுங்கள். டிசம்பர் கடைசியில் அலுவலகங்களில் விடுமுறையும் வருட முடிவு வேலையும் ஒன்றாக வரும், அதனால் விண்ணப்பத்தை ஜனவரி இரண்டாம் வாரத்தில் கொடுப்பது நல்லது. என்.வி.கியூ மதிப்பீட்டுக்குத் திகதி கிடைக்க மாதங்கள் ஆகலாம், அந்த விண்ணப்பம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் முதலில் போகட்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் சங்கத்தின் கடிதத்தலைப்போடு ஹொட்டேல் முகாமையாளர்களைச் சந்தித்துவிட வேண்டும், அந்த வருடத்துக்கு ஆள் எடுப்பது அப்போதுதான்.

11. முதல் வருடம்

பதிவு கிடைத்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். வருடாந்தப் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, புதிய நிர்வாக சபைப் பட்டியல் மூன்றையும் ஒவ்வொரு வருடமும் பதிந்த அலுவலகத்துக்குக் கொடுக்காவிட்டால் பதிவு செயலிழக்கும். கணக்கைப் பார்க்கச் சங்கத்துக்கு வெளியே ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ கேளுங்கள். நம் தொழிலில் ஆட்கள் திடீரென்று மாலைதீவுக்குப் போய்விடுவார்கள். பதவியில் இருக்கும் ஒருவருக்கு விசா வந்தது என்று கேள்விப்பட்டவுடனே கூட்டம் வைத்து, கையொப்பம் மாற்றும் தீர்மானத்தை எழுதி, அவர் விமானம் ஏறும் முன் அவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.